'செய்யல்லே' என்றார் சேட்டன்: திறக்க மறுக்கும் ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் என்ன இருக்கிறது?

மார்த்தாண்டம் பக்கம் பங்குனி, சித்திரை என்றால் இரண்டு சத்தம் சேர்ந்தே கேட்கும். ஒன்று அம்மன் கோயில் கொடைத் திருவிழாவின் வில்லுப்பாட்டு. மற்றது சாயங்காலமானால் மலைப்பக்கமிருந்து உருண்டு வரும் இடி. முதலாவதைப் பதிவு செய்து பிழைக்கிறவனுக்கு இரண்டாவது எமன். எட்டு டிராக்கில் எடுத்த மூன்று மணி நேர வில்லுப்பாட்டு ஒன்றைப் பதினொரு நாளாக மிக்ஸ் செய்துகொண்டிருந்தேன். கன்ட்ரோல் எஸ் அழுத்திய கையோடு கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரியை மாற்ற வேண்டும் என்று ஓணத்திலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். கரண்ட் வந்ததும் திறந்து பார்த்தால், இது ப்ராஜெக்ட் ஃபைலே இல்லை என்று ஒரு சின்னப் பெட்டி. பெட்டியை மூடினேன். பின்னால் காலியான ஒரு புது ப்ராஜெக்ட் நின்றது.

நெய்யாற்றின்கரையில் இருக்கும் ஒரு சேட்டனைத்தான் இப்படி நேரத்தில் கூப்பிடுவேன். முழுவதையும் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை. "ஒண்ணும் சேவ் செய்யல்லே, கேட்டோ" என்றார். மலையாளத்தில் அதற்கு 'எதையும் சேவ் செய்துவிடாதே' என்று அர்த்தம். தமிழ்க் காதில் விழுந்தால் 'ஒன்றையும் சேவ் செய்யவில்லை' என்று கேட்கும். எல்லையில் இருப்பவனுக்கு இரண்டும் புரியும். அன்றைக்கு எனக்கு இரண்டும் பொருந்தியது.

அவர் ஏன் அதை முதலில் சொன்னார் என்பதில்தான் இந்த விஷயத்தின் பாதி இருக்கிறது. பல ஒலிப்பதிவு மென்பொருள்கள் சேவ் செய்யும்போது பழைய ஃபைலைத் தூக்கிப்போடுவதில்லை. அதன் பெயரில் 'பேக்' என்று ஒட்டி, பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டுப் புதியதை எழுதுகின்றன. ரீப்பர் அப்படித்தான் செய்கிறது, ஆர்டோர் அப்படித்தான், க்யூபேஸிலும் பேக் ஃபைல்கள் உண்டு. ஒரே ஒரு தலைமுறையை மட்டும் இப்படி வைத்திருக்கும் அமைப்பில், ஃபைல் கெட்ட பிறகு அதே பெயரில் இன்னொரு முறை சேவ் அழுத்தினால் என்ன ஆகும்? கெட்ட ஃபைல் பேக் ஆகிவிடும், நல்ல பேக் அழிந்துவிடும். காலி ப்ராஜெக்ட்டைப் பார்த்துப் பதறி, பழக்கதோஷத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்துகிற அந்த ஒரு விநாடியில் போன ஃபைல்கள், கரண்ட் போய்ப் போனவற்றைவிட அதிகமாக இருக்கும் என்பது என் எண்ணம். ஆகவே முதலில் செய்ய வேண்டியது மென்பொருளை மூடுவது. சேவ் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஃபோல்டர் முழுவதையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுப்பது. சோதனை எல்லாம் நகலில்தான்.

அப்புறம் கொஞ்சம் மூச்சு விடலாம். ஏனென்றால் பாட்டு அந்த ஃபைலுக்குள் இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ டிராக் விநாடிக்கு 1,44,000 பைட், நிமிடத்துக்கு 8.64 எம்பி. எட்டு டிராக், மூன்று மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 12.4 ஜிபி. அது முழுக்க வேவ் ஃபைல்களாகத் தனி ஃபோல்டரில் இருக்கிறது. என் ப்ராஜெக்ட் ஃபைலோ ஒரு எம்பிகூட இல்லை. எந்த வேவ் எந்த இடத்தில் தொடங்குகிறது, எங்கே வெட்டினேன், குடத்தின் ஒலி எங்கே ஏறுகிறது, உடுக்கையின் கனத்தையும் கூர்மையையும் ஏற்றி இறக்கும் ஈக்யூ என்ன, ஒலியைப் பதப்படுத்தும் துணை மென்பொருளான ப்ளக்இன்களில் எது என்ன அமைப்பில் நிற்கிறது, இவ்வளவுதான் அதில் இருப்பது. பாட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தாயிற்று, வில்லும் கட்டியாயிற்று, ஏட்டை மட்டும் கறையான் அரித்துவிட்டது என்பது போன்ற நிலைமை. பாட வந்தவர்கள் தொலையவில்லை. தொலைந்தது பதினொரு நாள் நான் எடுத்த முடிவுகள்.

கெடாமலே 'கெட்டுப்போன' ஃபைல்கள்

'ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு' என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது. வயிற்றுவலி என்பது போல அது ஒரு பொதுப்பெயர். உள்ளே என்ன நோய் என்று பார்க்க வேண்டும்.

ஃபைல் திறக்கிறது, ஆனால் டிராக் எல்லாம் வெறுமையாக, 'மீடியா ஆஃப்லைன்' என்று வருகிறதா? அது முகவரி தொலைந்த கதை. வெளி ஹார்ட் டிஸ்க் நேற்று இ டிரைவ், இன்று எஃப் டிரைவ் ஆகியிருக்கும். பாறசாலைக்காரர் கூகுள் டிரைவில் போட்ட ஃபோல்டரைக் களியக்காவிளையில் உட்கார்ந்து இறக்கினால், பெரிய ஃபோல்டர் நாலைந்து ஜிப்களாகப் பிரிந்து வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தால் வேவ்கள் நாலு ஃபோல்டரில் சிதறிக் கிடக்கும். அவற்றை ஒன்றாகச் சேர்த்து, தேடு என்று மென்பொருளிடம் காட்டிவிட்டால் முடிந்தது.

இதிலேயே நம் ஊர்களுக்கென்று ஒரு வகை இருக்கிறது. 'கொடை' என்று தமிழில் பெயர் வைத்த ஃபோல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ'வில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது முன்னால் வரும் கொம்பு தனி, பின்னால் வரும் கால் தனி என்று இரண்டு குறியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக் கணினிகளின் பழைய ஹெச்எஃப்எஸ் ப்ளஸ் அமைப்பு ஃபைல் பெயர்களைப் பிரித்துத்தான் எழுதி வைக்கும். விண்டோஸ் அப்படிப் பிரிப்பதில்லை, இரண்டையும் வெவ்வேறு பெயர் என்றே எண்ணும். பழைய மேக்கிலிருந்து வந்த ஃபோல்டரில் ப்ராஜெக்ட் ஃபைல் ஒரு விதமாகவும் டிஸ்க் இன்னொரு விதமாகவும் பெயரை வைத்திருந்தால், கண்ணெதிரே இருக்கும் ஃபைலைக் காணோம் என்று மென்பொருள் சாதிக்கும். மலையாளத்தின் ஒகரக் குறிக்கும் இதே விதி. போதாததற்கு, பழைய ப்ளக்இன்கள் சில யூனிகோடே தெரியாதவை. தமிழுக்கென்று விண்டோஸில் பழைய பாணி எழுத்துத் தொகுப்பு எதுவும் கிடையாது என்பதால், தமிழ்ப் பெயர் அவற்றுக்குள் போனால் வெறும் கேள்விக்குறிகளாகும். எனக்குத் தமிழ்ப்பற்று குறைவில்லை. ஆனாலும் ரெக்கார்டிங் ஃபோல்டருக்கு மட்டும் ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைக்கிறேன்.

இன்னொரு வகை: ஏற்றும் பட்டை பாதிவரை ஓடி, மென்பொருளே மடிந்து விழும். இதிலும் ஃபைலைச் சந்தேகிக்க வேண்டாம். புதுப்பித்த ஒரு ப்ளக்இன்னோ, உரிமம் முடிந்த ஒரு ப்ளக்இன்னோ விழும்போது வீட்டையும் இழுத்துக்கொண்டு விழுகிறது. ரீப்பரில் ப்ராஜெக்ட்டைத் திறக்கும் சன்னலிலேயே எஃபெக்ட்களை ஆஃப்லைனில் வைத்துத் திறக்க ஒரு கட்டம் உண்டு. அந்த வசதி இல்லாத மென்பொருள் என்றால் ப்ளக்இன் ஃபோல்டரின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டுத் திறந்து பார்க்கலாம். திறந்துவிட்டால் பாதிப் பாதியாகத் திரும்பச் சேர்த்து, குற்றவாளியைக் கண்டுபிடிப்பது அரை மணி நேர வேலை. திறக்கிறது, ஆனால் தொட்டால் விழுகிறது என்றால் வேறு வழி: புதிய ப்ராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி, பழையதிலிருந்து டிராக்குகளை மட்டும் இறக்குமதி செய்வது. ப்ரோ டூல்ஸ், லாஜிக் இரண்டிலும் இதற்கு நேரடி வழி உண்டு.

முதல் சில எழுத்துகள்

சரி, உண்மையிலேயே கெட்டிருந்தால்? அப்போது ஃபைலை அதன் மென்பொருளை விட்டுவிட்டு வேறொன்றில் திறந்து பார்க்க வேண்டும். ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்று போதும், இலவசமாகவே கிடைக்கும்.

என் ஃபைலைத் திறந்ததும் தெரிந்தது வரிசை வரிசையாகப் பூஜ்யம். முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை. ஃபைலின் அளவு சரி, தேதி சரி, நேரம் சரி, உள்ளே ஒன்றுமில்லை. கரண்ட் போய்க் கெட்டவற்றில் அடிக்கடி காணும் அடையாளம் இது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பு ஃபைலின் பெயர், அளவு, இடம் போன்ற விவரங்களை மட்டுமே குறிப்பேட்டில் பதிந்து காக்கிறது. ஃபைலின் உள்ளடக்கத்துக்கு அந்தக் காவல் இல்லை. இவ்வளவு பெரிய ஃபைல், இந்த இடத்தில் என்று பதிவாகிவிடுகிறது. உள்ளே போக வேண்டிய எழுத்துகள் இன்னும் நினைவகத்தில் காத்திருக்கின்றன. அந்த இடைவெளியில் கரண்ட் போய்விடுகிறது. வீட்டு வரி ரசீது இருக்கிறது, வீடு கட்டவில்லை.

பூஜ்யத்திலிருந்து எதையும் மீட்க முடியாது. ப்ராஜெக்ட் ஃபைலைச் சரிசெய்து தருகிறோம் என்று இணையத்தில் பணம் கேட்கும் மென்பொருள்களிடம் இந்தக் கட்டத்தில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். இல்லாததை யாரும் எழுதித் தர முடியாது. பேக் ஃபைலைத் தேடுவது மட்டுமே வழி.

பூஜ்யமாக இல்லாமல் பாதி எழுதி நின்றிருந்தால் நிலைமை நல்லது, அது எந்த மென்பொருள் என்பதைப் பொறுத்து மிக நல்லது. ரீப்பரின் ஃபைல் வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்தாலே டிராக் பெயர்களும் வேவ் ஃபைல்களின் பாதையும் கண்ணால் படிக்கலாம். ஒரு டிராக்கின் பத்தி பாதியில் அறுந்திருந்தால் அதை மட்டும் நீக்கி, திறந்த அடைப்புகளை மூடிவிட்டால் மற்ற டிராக்குகள் வந்துவிடும். பழைய பேக் ஃபைலிலிருந்து ஒரு ப்ளக்இன்னின் அமைப்புப் பத்தியை வெட்டிப் புதியதில் ஒட்டுவதும் நடக்கும். ஆர்டோரின் ஃபைல் எக்ஸ்எம்எல், அதாவது குறிகளுக்கு நடுவே எல்லாவற்றையும் எழுத்தாகவே எழுதி வைக்கும் முறை. அதுவும் படிக்கக்கூடியதே.

ஏபிள்டன் லைவின் ஃபைல் பார்வைக்குப் புரியாத பைட்களாக இருக்கும். ஆனால் அதுவும் எக்ஸ்எம்எல்தான், ஜிஜிப் முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள். விரித்தால் படிக்கலாம். ஜிஜிப்பில் ஒரு நல்ல குணம்: முதலிலிருந்து வரிசையாக விரிவது. பாதியில் வெட்டுப்பட்ட ஃபைலானாலும் வெட்டின இடம் வரை விரித்து எடுக்க முடியும். ஸ்டூடியோ ஒன்னின் சாங் ஃபைல் ஜிப். தொடக்கத்தில் பி, கே என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் நின்றால், அது ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். ஜிப் தன் பொருளடக்கத்தைக் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறது. அதனால் கடைசிப் பகுதி மட்டும் அறுந்தாலும் சாதாரண மென்பொருள் முழுவதையும் திறக்க மறுக்கும். ஜிப்பைச் சரிசெய்யும் கருவிகள் முன்னாலிருந்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துவிடும்.

லாஜிக்கில் ஃபைல் மாதிரித் தெரிவது உண்மையில் ஒரு ஃபோல்டர். வலது க்ளிக் செய்து உள்ளடக்கத்தைக் காட்டச் சொன்னால், உள்ளேயே பழைய பிரதிகளுக்கு ஒரு ஃபோல்டர் இருக்கிறது. இது தெரியாமல் தலையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ப்ரோ டூல்ஸ், க்யூபேஸ், எஃப்எல் ஸ்டூடியோ மூன்றும் தங்களுக்கே உரிய பைனரி முறையில் எழுதுபவை. அவற்றைக் கையால் தைக்கப் போவதில் பலனில்லை, தானியங்கிப் பிரதிகளைத் தேடுவதே புத்தி. ப்ரோ டூல்ஸ் சொல்லாமலே சில நிமிடங்களுக்கு ஒருமுறை தனி ஃபோல்டரில் பிரதி போட்டுக்கொண்டிருக்கும். லைவ் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் பேக்அப் என்ற ஃபோல்டரில் கடைசி பத்து சேவ்கள் இருக்கும்.

ஆடாசிட்டியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம், சர்ச், டியூஷன் மாஸ்டர் என்று எங்கள் பக்கம் அது இல்லாத கணினி குறைவு. மற்றவற்றில் குரல் வேறு, ஃபைல் வேறு என்றேன் அல்லவா? ஆடாசிட்டியில் அந்த ஆறுதல் இல்லை. 2021-இல் வந்த 3.0 பதிப்புக்கு முன்பு, குரலைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒரு டேட்டா ஃபோல்டரில் போட்டுவிட்டு, எந்தத் துண்டு எதற்கடுத்து என்பதைத் தனி ஃபைலில் எழுதி வைக்கும். அந்த ஃபைலை மட்டும் பென் டிரைவில் கொண்டுவந்து, பாட்டு திறக்கவில்லை என்று நிற்பார்கள். 3.0-இலிருந்து எல்லாம் ஒரே ஃபைல். அது உண்மையில் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். இப்போது முடிவுகளும் குரலும் ஒரே பானையில். கணினி திடீரென நின்றால் அதே பெயரில், கடைசியில் 'வால்' (wal) என்று முடியும் இன்னொரு ஃபைல் பக்கத்தில் கிடக்கும். குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். கடைசியாகச் செய்த மாற்றங்கள் பெரிய ஃபைலுக்குள் போகாமல் அதில் காத்திருக்கலாம். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்தே நகல் எடுக்க வேண்டும்.

குரலே கெட்டால்

வேவ் ஃபைலின் அமைப்பு 1991-இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் வகுத்தது. இன்றுவரை பெரிதாக மாறவில்லை. முன்னால் ஒரு சின்னத் தலைப்பு, எளிய வடிவில் 44 பைட். விநாடிக்கு எத்தனை மாதிரி (சாம்பிள்) என்ற விகிதம், எத்தனை பிட், மொத்தம் எவ்வளவு நீளம் என்று அதில் எழுதியிருக்கும். அதற்குப் பின்னால் வெறும் எண்கள். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் எண்கள் டிஸ்கில் இருக்கும், தலைப்பில் நீளம் மட்டும் பூஜ்யமாக நிற்கும். பூஜ்ய நீளப் பாட்டு என்று நினைத்து மென்பொருள் கைவிரித்துவிடும். ஃபைலின் அளவோ ஒன்றரை ஜிபி!

ஆடாசிட்டி இங்கேதான் கைகொடுக்கிறது. ஃபைலைத் தலைப்பைப் பார்க்காமல் வெறும் எண்களாகவே இறக்குமதி செய்ய அதில் வழி உண்டு. எத்தனை பிட், மோனோவா ஸ்டீரியோவா, விகிதம் என்ன என்று நாமே சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் நிற்பது போல ஒரே இரைச்சல். பயப்பட வேண்டாம். 24 பிட்டில் ஒரு மாதிரிக்கு மூன்று பைட், எனவே தொடங்கும் இடத்தை ஒன்று, இரண்டு என்று பைட் பைட்டாக நகர்த்திப் பார்த்தால் ஏதோ ஒன்றில் திடீரென்று குரல் வெளியே வரும். 48-இல் எடுத்ததை 44.1 என்று சொல்லிவிட்டால் குரல் வரும், ஆனால் ஒன்றரை செமிடோன் இறங்கி, சோம்பலாக வரும். பாடியவரைத் தெரிந்திருந்தால் உடனே பிடித்துவிடலாம்.

கொடை விடிய விடிய நடப்பது. வேவின் தலைப்பில் நீளம் எழுத நான்கு பைட்தான் இடம், அதாவது 4 ஜிபிக்கு மேல் எழுத முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோவில் அந்த எல்லை ஏறக்குறைய 4 மணி 8 நிமிடத்தில் வந்துவிடும். நல்ல ரெக்கார்டர்கள் தாமே அடுத்த ஃபைலுக்குத் தாவும். மென்பொருளில் ஒரே நீளமாக ஓடவிட்டால் அந்த அமைப்பை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேவ்கள் எல்லாம் பத்திரம், ப்ராஜெக்ட் ஃபைல் மட்டும் அடியோடு போய்விட்டது, பேக்கும் இல்லை என்றாலும் ஒரு பிடி இருக்கிறது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997-இல் வேவுக்குள் ஒரு கூடுதல் பெட்டியைச் சேர்த்தது. அதில் இந்தப் பதிவு எந்த நேரத்தில் தொடங்கியது என்பது நள்ளிரவிலிருந்து மாதிரிகளை எண்ணிக் குறிக்கப்பட்டிருக்கும். பல ரெக்கார்டர்களும் மென்பொருள்களும் அதை நிரப்பியே வைக்கின்றன. ரீப்பர், க்யூபேஸ், ப்ரோ டூல்ஸ் மூன்றிலும் துண்டுகளை அவை பதிவான நேரத்துக்கே நகர்த்தக் கட்டளை உண்டு. நூறு துண்டுகளைக் குவியலாகக் கொட்டி அந்தக் கட்டளையைக் கொடுத்தால், ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்காரும். வெட்டும் மிக்ஸும் திரும்ப வராது. ஆனால் எது எப்போது என்று காதால் தேடி அடுக்கும் ஒரு வார வேலை மிச்சம்.

அழிந்தே போன ஃபைல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றும் ஹார்ட் டிஸ்க் என்றால் அதில் வேறெதையும் எழுதாமல், ஃபோட்டோரெக் போன்ற ஒன்றை வேறு டிஸ்கிலிருந்து ஓட்டினால் கிடைக்க வாய்ப்புண்டு, பெயர் இல்லாமல். எஸ்எஸ்டி என்றால் அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும், நம்பிக்கை வைக்க வேண்டாம். பஸ்ஸில் கொடுத்தனுப்பும் பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் அமைப்பில் இருக்கும். இரண்டுக்கும் அந்தக் குறிப்பேட்டுக் காவல்கூட இல்லை. எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கும் பழக்கம் இருந்தால் அனுப்பிய பிறகும் மூலத்தை அழிக்காதீர்கள்.

என் கதைக்கு வருகிறேன். பேக் ஃபைல் இருந்தது. அது மத்தியானம் சோறு தின்னப் போகும் முன் செய்த சேவ். அதற்குப் பிறகு நாலு மணி நேரம் நான் ஒரு தடவைகூடச் சேவ் செய்யவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்த நாலு மணி நேரத்தில் கடைசிக் கதைப்பகுதியின் மிக்ஸ் முழுக்கச் செய்திருந்தேன். நல்ல வேளையாக, கரண்ட் போவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பகுதியை எம்பி3 ஆக்கி சேட்டனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அதைத் தனி டிராக்கில் போட்டு, ஒரு காதில் அது, ஒரு காதில் புதியது என்று வைத்துக்கொண்டு திரும்பக் கட்டினேன். குடம் வந்தது, தாளம் வந்தது, பாடகரின் குரலுக்குப் போட்ட எதிரொலிகூட வந்தது. உடுக்கை மட்டும் பிடி கொடுக்கவில்லை. அதற்கு இடத்துக்கு இடம் ஏற்றி இறக்கிக் கையால் வரைந்த கோடு பூஜ்யத்தோடு போய்விட்டது.

முடித்து அனுப்பியதைக் கொடை நடத்தியவர்கள் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துச் சேட்டன் கூப்பிட்டார். எல்லாம் கொள்ளாம், உடுக்கை மட்டும் இத்திரி கூடிப்போயி என்றார்.